ஒன்றரை அங்குலம்

ஆல்டர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
ஜனவரி 9, 2024

மதிப்பிற்குரிய திரு. வெர்லின் காடில் அவர்களுக்கு,

எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் மன்றத்தின் தலைவர் டுவேன் உங்கள் முகவரியைக் கொடுத்தார். பழைய ராணுவத் துப்பாக்கிகளை, அந்தந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப்பிடித்து, அச்சு அசலாகச் செய்துகொடுப்பதில் கென்டக்கியில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்கிறார். டுவேன் எதையும் ஒரு படி கூட்டித்தான் சொல்வார். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் அண்ணன் ரோலண்ட் கோல்பெக், வீட்டில் ரோலி, 1967 மார்ச் 11ஆம் தேதி வியட்நாமில் இறந்தான். வயது இருபது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவன் அவன் ஒருவன்தான். வரும் மே மாதக் கடைசித் திங்கள்கிழமை, நினைவு நாளன்று, மன்றத்தின் முன்கூடத்தில் அவனுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். அவனுடைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மணல் மூட்டைகளுக்கு முன்னால், தொப்பி போட்டு, கையில் ஒரு குட்டைத் துப்பாக்கியோடு நிற்கிறான். அதே துப்பாக்கி பெட்டிக்குள் இருந்தாக வேண்டும் என்று டுவேன் ஒற்றைக்காலில் நிற்கிறார். படம் என்னுடையது என்பதால் உங்களுக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

சுடக்கூடியது வேண்டாம். பார்வைக்கு மட்டும். முடியுமா, முடியாதா என்று இரண்டு வரியில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நாடின் கோல்பெக்


பிளாங்க் ஃபோர்க், கென்டக்கி
ஜனவரி 17, 2024

அம்மா,

இரண்டு வரியில் எழுதச் சொன்னீர்கள். முடியும் என்பது முதல் வரி. இரண்டாவது வரியோடு நிறுத்த என்னால் ஆகாது, மன்னிக்கவும்.

'அதே மாதிரி' என்று நான் எதையும் செய்வதில்லை. அதே மாதிரி வேண்டுமென்றால் பொம்மைக் கடையில் கிடைக்கும். அறுபத்தேழில் ஒரு பையன் கையில் இருந்த கார்பைன், அதாவது நீங்கள் சொன்ன குட்டைத் துப்பாக்கி, என்றால், அந்தக் காலத்தில் வார்த்த கைப்பிடி, அந்தக் காலத்துச் சாம்பல் பூச்சு, அப்போது கொடுத்த தோள்வார். ஒரு வருஷம் பிந்தி வந்த திருகாணி ஒன்று உள்ளே போனால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. குழல் மட்டும் அசல் கிடைப்பதில்லை, அதை நானே கடைந்துகொள்வேன். நடு உடம்பு துளையே இல்லாத இரும்புக் கட்டி. அதனால் சுடுமோ என்ற பயம் வேண்டாம். என் மனைவி உயிரோடு இருந்தபோது, "பாதி வீடு துருவுக்கு, மீதி வீடு உனக்கு, நான் எங்க நிக்கிறது?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

இப்படிப் பழைய துப்பாக்கி செய்யும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம்தான் சாட்சி. குடும்பத்தார் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்வோம், ஆனால் படத்தில் இருப்பதைத்தான் செய்வோம். ஞாபகம் பிசகும், படம் பிசகாது. ஆகவே படத்தைப் பெரிதாக நகலெடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும். ரோலி எந்த மாதிரிப் படைப்பிரிவில், எப்போதிலிருந்து அங்கே இருந்தார் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
வெர்லின் காடில்


ஆல்டர் ஃபால்ஸ்
ஜனவரி 26, 2024

திரு. காடில்,

நகல்கள் இத்துடன். நூலகத்தில் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை என்று எழுத வேண்டாம். உங்களுக்கு வேண்டியது துப்பாக்கி, முகம் இல்லை.

ரோலி 1966 ஆகஸ்டில் போனான். ஆறு பேர் கொண்ட வேவுக்குழு. காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் வேலை என்று எழுதுவான். அதற்குமேல் எழுத மாட்டான்.

மூலப் படத்தை அனுப்ப மாட்டேன். அம்மா அதை அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினார். அவர் போய் முப்பத்துநான்கு வருஷமாகிறது. படம் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

இன்னொன்று. முப்பத்தொரு வருஷம் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவள் நான். உறைமேல் நீங்கள் எழுதும் வீட்டு எண்ணைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. எங்கள் தபால்காரப் பையன் பாவம். தெளிவாக எழுதுங்கள்.

நாடின் கோல்பெக்


பிளாங்க் ஃபோர்க்
பிப்ரவரி 20, 2024

அம்மா,

வீட்டு எண்ணை அச்சுப்பொறியில் அடித்து ஒட்டியிருக்கிறேன். திருப்திதானே?

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தோளில் பதித்துப் பிடிக்கும், நீட்டி மடக்கும் பின்கட்டை லூயிவில் சந்தையில் கிடைத்தது. தோள்வார் என் பெட்டியிலேயே இருந்தது. குழலைப் படத்தைப் பார்த்துக் கடைந்து, பூச்சு போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, சுவரில் மாட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையை எழுத உட்கார்ந்தேன். படத்தின் பின்பக்கம் இருந்தபடியே 'ரோலண்ட் கோல்பெக், பிப்ரவரி 1967' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

இந்தக் கார்பைன் இரண்டு நீளத்தில் வந்தது. முதலில் வந்ததற்குக் குழல் பத்து அங்குலம். பிறகு ஒன்றரை அங்குலம் நீட்டினார்கள். நீட்டியது சிப்பாய்கள் கைக்குப் போனதே அறுபத்தேழாம் வருஷத்தின் பிற்பாதியில்தான். உங்கள் படத்தில் இருப்பது நீளமானது. குறிபார்ப்பதற்காகக் குழல்மேல் நிற்கும் முன்குறிக்கும், முனையில் தீப்பொறியை அடக்கும் தடித்த குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் அதைக் கையால் கடைந்தும் தேதியை யோசிக்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கே உரிய தப்பு இது. இரும்பைக் கண்டால் ஆளை மறந்துவிடுவோம்.

என் கண்தான் மங்கிவிட்டதோ என்று நண்பர்கள் ஐந்து பேருக்கு நகலை அனுப்பினேன். ஆளாளுக்கு அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து பேரும் ஒரே பதில். அதில் ஒருவர் ஃபோனில், "கல்லறையில இருக்கிற தேதி தப்பா இருக்கணும், இல்லன்னா படத்துல நிக்கிறவன் வேற ஆளா இருக்கணும்" என்றார்.

கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ரோலி இறந்த தேதி உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

வெர்லின்


ஆல்டர் ஃபால்ஸ்
பிப்ரவரி 26, 2024

திரு. காடில்,

என் அண்ணனை மேசைமேல் கிடத்தி ஐந்து பேர் அளவுகோல் வைத்து அளக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நான் கேட்டது ஒரு துப்பாக்கி. விசாரணைக் கமிஷன் இல்லை.

கல்லறையில் இருக்கும் தேதி சரி. செய்தி சொல்ல வந்த இரண்டு அதிகாரிகளுக்கு நான்தான் கதவைத் திறந்தேன். அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தேதியை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

படத்தில் இருக்கிறபடியே செய்யுங்கள். அட்டையில் படத்தின் பின்னால் இருக்கும் தேதியை எழுதுங்கள். முடியாதென்றால் வேலையை விட்டுவிட்டு நகலைத் திருப்பி அனுப்புங்கள்.

நாடின் கோல்பெக்


பிளாங்க் ஃபோர்க்
மார்ச் 4, 2024

அம்மா,

நகல் இத்துடன். நண்பர்களிடம் போனவற்றையும் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் காட்டியது என் தப்பு. புதுப் படம் ஒன்று கிடைத்தால் ஊரைக் கூட்டிவிடுவது எங்களுக்குப் பழக்கதோஷம். அதில் நிற்பது ஒரு வீட்டுப் பிள்ளை என்பது எங்கள் புத்தியில் ஏறுவதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த நீளக் கார்பைனுக்கு அந்தத் தேதியை எழுத என் கை வராது. பிடிவாதக்காரக் கிழவன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், மேட்டு வீட்டுக் கிழவர் எஸ்டில், தான் போரில் வைத்திருந்த கார்பைனைப் போலவே ஒன்று கேட்டார். நான் முதன்முதலில் செய்தது அதுதான். பின்கட்டை மட்டும் காலத்துக்குப் பொருந்தவில்லை, ஐந்தாறு வருஷம் பிந்தியது. அவருக்குக் கண் ஏறக்குறையப் போயிருந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். எஸ்டில் அதை வாங்கி மடியில் வைத்தார். கட்டைவிரலால் பின்கட்டையை ஒருமுறை தடவினார். "நல்லா செஞ்சிருக்கேப்பா வெர்லின். ஆனா இது என்னோடது இல்ல" என்று சொல்லிக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரியான கட்டையைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் கட்டை இன்னும் என் பரணில் கிடக்கிறது. அன்றிலிருந்து யாருக்கும் தெரியாது என்று நான் எதையும் வைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. படத்தின் பின்பக்கம் இருக்கும் ஏழு எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் வரும் ஏழுக்கும் அதே கோடு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கார்பைன் சுவரில் காத்திருக்கும். நீங்கள் சொல்லும்வரை தொட மாட்டேன்.

வெர்லின்


ஆல்டர் ஃபால்ஸ்
ஏப்ரல் 11, 2024

திரு. காடில்,

ஒரு மாதமாக உங்களைத் திட்டி நாலு கடிதம் எழுதி, நாலையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

படத்தில் இருப்பது ரோலி இல்லை. எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். ரோலிக்குக் காது இரண்டும் விரிந்து நிற்கும், பள்ளிக்கூடத்தில் அதை வைத்தே கூப்பிடுவார்கள். இந்த ஆளுக்குக் காது தலையோடு ஒட்டியிருக்கிறது.

ரோலியின் பெட்டி மூடித்தான் வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்குள் அவன் இருப்பதை நம்பவே இல்லை. "அங்க இருந்தான்கிறதுக்கு ஒரு படம்கூட இல்லையே, அவன் போனதே கனவு மாதிரி இருக்குடி" என்பார். ஒன்றரை வருஷம் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை பார்த்த பட்டாணி ஆலையில் நின்றபடியே இரண்டு முறை மயங்கி விழுந்தார்.

அறுபத்தெட்டு நவம்பரில் ஒரு உறை வந்தது. நான்தான் பிரித்தேன். கடிதத்தை நான் பிடித்துக்கொண்டேன், படம் நழுவி அடுப்படித் தரையில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்தார். எடுத்ததும், "ரோலி!" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "பாரு, தோள் அகலமாயிடுச்சு பாரு. உடம்பு தேறியிருக்கான்" என்று சிரித்தார். கடிதம் என் கையில் இருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. நான் வாயைத் திறக்கவில்லை. "பின்னாடி பேரும் தேதியும் எழுதி வை" என்றார். அவன் பெயரையும், அவன் சாவுக்கு முந்தின மாதத்தையும் எழுதினேன். அன்று அம்மா இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

அந்தக் கடிதத்தைத் தையல் மிஷின் டிராயரில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதை உங்களுக்குப் பார்த்து எழுதுகிறேன்:

'மதிப்பிற்குரிய திருமதி கோல்பெக், நான் ரோலியோடு ஒரே குழுவில் இருந்தவன். இத்தனை நாள் எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது இரண்டாவது முறையாக இங்கே வந்திருக்கிறேன். ரோலி தன்னைப் படம் எடுக்க யாரையும் விடமாட்டான், அதனால் அவன் படம் என்னிடம் இல்லை. எழுதுவது யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள என் படத்தை அனுப்புகிறேன். பின்னால் தெரியும் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் ரோலி தினமும் முகச்சவரம் செய்வான். எனக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. ஊர் திரும்பியதும் உங்களை நேரில் பார்த்து, அந்த நாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பதில் போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன். ஆர்விட் சன்டீன்.'

நான் பதில் போடவில்லை. போட்டால் அவர் வருவார். வந்தால் சுவரில் இருப்பவர் வாசலில் நிற்பார். அம்மாவுக்கு அது இரண்டாவது சாவு. தொண்ணூறில் அம்மா போன பிறகாவது எழுதியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் கழித்து என்ன சொல்லித் தொடங்குவது? ஊரார் கடிதங்களையெல்லாம் ஒரு நாள் தாமதிக்காமல் இனம் பிரித்து அனுப்பியவள் நான். சிரிக்காதீர்கள்.

டுவேன் இந்தப் படத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்க ஆள் பார்த்துவிட்டார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாடின்


பிளாங்க் ஃபோர்க்
ஏப்ரல் 18, 2024

நாடின் அம்மா,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பட்டறைப் படியில் உட்கார்ந்து படித்தேன். நான் பாதிரியாரும் இல்லை, நீதிபதியும் இல்லை. பத்தொன்பது வயதில் அந்த அடுப்படியில் நான் நின்றிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்குமேல் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ரோலியின் கார்பைன் எதுவென்று எனக்கு இப்போது தெரியும். சுவரிலிருந்து எடுத்து, குழலை ஒன்றரை அங்குலம் வெட்டி, முனையை மறுபடி கடைந்து பூட்டினேன். கைப்பிடியையும் மாற்றினேன், அது சற்றே பிந்திய வார்ப்பு. இப்போது இது அறுபத்தேழு பிப்ரவரியில் இருந்திருக்கக்கூடிய கார்பைன். அட்டையில் தேதியை நிம்மதியாக எழுதினேன். அடுத்த வாரம் உங்களுக்கு வந்து சேரும்.

வெட்டிய துண்டைத் தீப்பெட்டியில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

மறுபடியும் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்த வேவுக்குழுக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பாகங்களைத் தேடி இருபத்தைந்து வருஷமாக அவர்களோடு பழக்கம். காரணம் சொல்லாமல் ஒரு பெயரை மட்டும் விசாரித்தேன். ஆர்விட் சன்டீன் உயிரோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. மினசோட்டாவில் மகளோடு இருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். முகவரியைத் தனி உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். வேண்டாமென்றால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வெர்லின்


ஆல்டர் ஃபால்ஸ்
மே 3, 2024

வெர்லின்,

கார்பைன் வந்தது. மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் பக்கத்திலேயே போகவில்லை. பிறகு தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு சின்னதா? ரோலிக்குக் கை பெரிது. அவன் கையில் இது எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன். இத்தனை வருஷம் அவனை நினைத்தபோதெல்லாம் அந்த இன்னொருவருடைய தோளும் தொப்பியும்தான் ஞாபகத்தில் வந்தன. அம்மாவுக்கு நான் கொடுத்த பொய்யில் என் அண்ணனை நானே தொலைத்திருக்கிறேன்.

உறையைப் பிரித்துவிட்டேன். முகவரி மனப்பாடமாகிவிட்டது. 'நான் ரோலியின் தங்கை' என்று எழுதுகிறேன், அதற்குமேல் ஓடவில்லை. டுவேனிடமும் இன்னும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டால்தான் என்ன? இருபத்தேழாம் தேதி திரையை விலக்குவார்கள், கைதட்டுவார்கள், பன்னும் சாஸேஜும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தானே?

நாடின்


பிளாங்க் ஃபோர்க்
மே 8, 2024

அம்மா,

அப்படித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

'உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பதில் போட வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்' என்று அவர் எழுதியிருக்கிறார். பதில் வராததை அவர் என்னவென்று புரிந்துகொண்டிருப்பார்? அதை மட்டும் யோசியுங்கள். எஸ்டிலுக்குச் சரியான கட்டை கிடைத்தபோது, கொடுக்க எஸ்டில் இல்லை. உங்களுக்கு ஆள் இன்னும் இருக்கிறார்.

அஞ்சலகத்துக்காரம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? தபால்தலையை ஒட்டிப் பெட்டியில் போடுங்கள்.

வெர்லின்


ஆல்டர் ஃபால்ஸ்
ஜூன் 3, 2024

அன்புள்ள வெர்லின்,

உங்கள் கடிதம் வந்த அன்றே போட்டுவிட்டேன். மூன்று வரி. நான் ரோலியின் தங்கை, உங்கள் 1968 கடிதம் கிடைத்தது, உங்களை நேரில் பார்க்க வேண்டும். மிச்சத்தைத் தாளில் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அவர் மகள் லினேயா ஃபோன் செய்து, ஜூன் முதல் தேதி வரச் சொன்னாள்.

டுவேனிடமும் சொன்னேன். "அடக் கடவுளே, கதவு சைஸுக்கு அடிச்சு வெச்சிருக்கேனே நாடின்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரி விடு, அந்த விரிஞ்ச காதுப் பயல் படம் ஏதாவது இருக்கா?" என்றார். பள்ளிக்கூடக் கடைசி வருஷத்துப் படத்தைக் கொடுத்தேன். நினைவு நாளன்று பெட்டிக்குள் அந்தப் படமும் உங்கள் குட்டைக் கார்பைனும்தான் இருந்தன. ரோலியோடு படித்த கிழவர்கள் முன்னால் வந்து நின்று, "அந்தக் காதப் பாருடா" என்று சொல்லிச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். ஐம்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக ஊர் அவனைப் பார்த்தது.

சனிக்கிழமை, சுவரிலிருந்த படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். தீப்பெட்டியும் பையில் இருந்தது, ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியாது.

சன்டீன் பெரிய உடம்புக்காரர். கைத்தடி ஊன்றி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காது தலையோடு ஒட்டியிருந்தது. இந்த மனுஷனை எனக்கு ஆயுள் முழுக்கத் தெரியும்.

காபி வந்தது. ருபார்ப் கேக் வந்தது. அவர் தொடவில்லை.

"அம்மா இருக்காங்களா?" என்றார்.

"தொண்ணூறுல போயிட்டாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். "போறப்பவாவது கோவம் தணிஞ்சுதா?" என்று கேட்டார்.

"யார்மேல கோவம்?"

"என்மேலதான். அவங்க புள்ள போயிட்டான், நான் வந்துட்டேன். பதில் வரலைன்னதுமே புரிஞ்சுபோச்சு. அதுல தப்பு ஒண்ணுமில்லம்மா. அவங்க இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான்."

வெர்லின், அவர் அதை என்னவென்று புரிந்துகொண்டிருப்பார் என்று கேட்டீர்களே. இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ஐம்பத்தைந்து வருஷமாக, ஒரு தாய் தன்னைச் சபித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். கல்யாணம், பிள்ளை, வேலை எல்லாம் அதன் மேலேயே நடந்திருக்கின்றன. நான் அங்கேயே உடைந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படம் தரையில் விழுந்தது, அம்மாவின் சத்தம், நான் எழுதிய தேதி, தையல் மிஷின் டிராயர், எதையும் விடவில்லை.

துண்டைப் பிரித்துப் படத்தை மேசைமேல் வைத்தேன். லினேயா எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது நீங்களா? அங்க எடுத்த படமே இல்லன்னு சொன்னீங்களே!"

"ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத்தான் அனுப்பிட்டேன்" என்றார்.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தார். உங்கள் கூட்டத்து ஆள்தான் போலிருக்கிறது. "இது ரெண்டாவது தடவை போனப்ப குடுத்தது, நீளம். ரோலிகிட்ட இருந்தது குட்டை. இவ்வளவு கம்மி" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். நான் தீப்பெட்டியைத் திறந்து, உங்கள் துண்டை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தேன். கனகச்சிதமாகப் பொருந்தியது. அவர் முதல்முறையாகச் சிரித்தார். "இத யாரு வெட்டினது?" என்றார். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. அது அம்மாவுக்கு வந்திருக்க வேண்டியது, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ரோலி தனியாகச் சாகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அம்மா இத எங்க மாட்டியிருந்தாங்க?" என்று கேட்டார்.

"அடுப்படி வாசல்ல. தினமும் வேலைக்குக் கிளம்புறப்ப, கண்ணாடிமேல விரல வெச்சு, 'பத்திரமா இருடா கண்ணு'ன்னு சொல்லிட்டுத்தான் படி இறங்குவாங்க. செத்துப்போனவன்கிட்ட என்னம்மா பத்திரம்னு நான் ஒருதடவை கேட்டேன். சொல்லிட்டுப் போறேனே, உனக்கென்னன்னாங்க."

"தினமுமா?"

"ஒருநாள் விட்டதில்ல. படம் வந்த அறுபத்தெட்டு நவம்பர்லேருந்து, சாகுறவரைக்கும்."

அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மெல்ல வாய்விட்டே எண்ணி, ஜூனில் நிறுத்தினார்.

"அடுத்த ஜூன் வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன்" என்றார். "அப்போ அது எனக்குத்தான் சொன்னது."

"ஆமா" என்றேன். "உங்களுக்குத்தான்."

படத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பின்பக்கம் நான் எழுதியிருந்ததை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ரோலி பெயர் அங்கேயே இருக்கட்டும் என்றார். லினேயா அதை அவர் நாற்காலிக்கு எதிரே மாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஆணி மட்டும் இருக்கிறது. பிடுங்கவில்லை. உங்கள் ஒன்றரை அங்குலம் அடுப்படி ஜன்னலில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சன்டீன் உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினால் உடனே பதில் போடுங்கள். வீட்டு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் அக்கா,
நாடின்